காலி ரயிலில் இருபது நிமிஷம்

வாசு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "வாசல்ல யாரோ பெல் அடிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன் இல்லையா, வாசலில் யாரும் இல்லை. உன் அப்பா மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் இந்த வயதில் பொய் சொல்லித் தப்பிக்கிற நிலைமை வந்துவிட்டால், உட்கார்ந்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வரும், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தாளில் எழுதித் தபாலில் போட்டால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் நீ பொத்தேரி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாய். பள்ளிக்கூடம் விட்டு வருகிற இனியாவை நீதான் பார்த்துக்கொள்கிறாய். சுகன்யாவின் கம்பெனி பஸ் ஆறேகால் மணிக்கு உங்கள் அப்பார்ட்மென்ட் கேட்டில் அவளை இறக்கிவிட வேண்டும், ஆனால் கொஞ்ச நாளாக அவள் ஆறரைக்கு மேல்தான் வீட்டுக்குள் வருகிறாள். புதன்கிழமை ஏதோ பார்சல் வாங்க நீ கீழே இறங்கிப் போனாய். உங்கள் வளாகத்துக்குள்ளேயே சின்னதாகப் பிள்ளையார் கோயில் ஒன்று இருக்கிறதே, அதன் பக்கத்துப் பெஞ்சில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நீ கூப்பிடவில்லை. மேலே வந்து காத்திருந்தாய். இருபது நிமிஷம் கழித்து வந்தவள், "வண்டலூர்ல செம டிராஃபிக்" என்றாளாம். அதற்கு முன்னாலும் அதே வண்டலூர், அதே டிராஃபிக்.

"ஒரு காதுல மீட்டிங், ஒரு தோள்ல இனியா, நான் இங்க பேயா அலையறேன். இவ கீழ சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கா. சாமி கும்பிடறதுக்கு யாராவது பொய் சொல்வாங்களாம்மா? நீயும் வேலைக்குப் போனவதானே, ஒரு நாளாவது இப்படிப் பண்ணியிருக்கியா?" என்று கேட்டாய். நான்தான் அவளிடம் பேசிப் புத்தி சொல்ல வேண்டும் என்றும் கேட்டாய். உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு வயதுப் பெண் குழந்தையையும் மேலதிகாரியையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது லேசுப்பட்ட காரியமா என்ன? உன் குரலில் இருந்தது கோபம்கூட இல்லை, வருத்தம். வீட்டுக்குள் வருவதைவிடக் கல் பெஞ்ச் அவளுக்கு மேலாகிவிட்டதே என்கிற வருத்தம்.

கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமாம், பண்ணியிருக்கிறேன். ஒரு நாள் அல்ல, கிட்டத்தட்ட மூன்று வருஷம். நீ ஐந்தாம் வகுப்புப் போனதிலிருந்து ஏழாம் வகுப்பு வரை. நீ இதை எதிர்பார்த்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். மெதுவாகச் சொல்கிறேன், இடையில் எழுந்து போய்விடாதே.

அப்போது மேற்கு தாம்பரத்தில் இதே வீடுதான், மாடி மட்டும் இல்லை. சாமி அலமாரி சமையலறையில் அடுப்புக்கு எதிரே இருந்தது. நான் ஐந்து மணிக்கு எழுந்தால் தண்ணீர் பிடித்து, கோலம் போட்டு, மூன்று பேருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, உன் அப்பா குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஏழேகாலுக்குக் கிளம்பிப் போகிறவரை ஒரே ஓட்டம்தான். விளக்கேற்றும்போது ஒரு கண் முருகன் மேல், ஒரு கண் பால் மேல். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் பூஜை முடிந்தது என்று கணக்கு. "ஆச்சா?" என்று உன் அப்பா கூடத்திலிருந்து கேட்பார், "ஆச்சு" என்பேன். பக்தி இல்லாதவள் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது, வெள்ளிக்கிழமை ஒன்றுகூட விட்டதில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால், எனக்கு அது துணி காயப்போடுவது மாதிரி இன்னொரு வேலை. செய்யாவிட்டால் பயம், செய்தால் நிம்மதியும் கிடையாது.

குடும்பத்தோடு சேர்ந்து சாமி கும்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து ஒருமுறை திருநீர்மலைக்குக் கிளம்பினோமே, உனக்கு நினைவிருக்கிறதா? ஸ்கூட்டரில் மூன்று பேர், நீ முன்னால் நின்றுகொண்டு வந்தாய். மலைப்படியில் பாதி ஏறியதும் எனக்குக் கேஸ் ஞாபகம் வந்துவிட்டது. "நான் மூடிட்டேன்" என்றார் உன் அப்பா. "மூடினீங்களா, மூடியிருக்குன்னு பார்த்தீங்களா?" என்று நான் கேட்டேன். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. படியில் ஏறுகிறவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போகிற அளவுக்குச் சண்டை. நீ ஒரு படியில் உட்கார்ந்துகொண்டு, "நான் இங்கயே இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாய். கடைசியில் மூன்று பேரும் இறங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால், கேஸ் மூடித்தான் இருந்தது. கட்டிக்கொண்டு போன புளியோதரையைக் கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் பெருமாளை அன்று எத்தனை முறை நினைத்தேனோ தெரியாது, சிலிண்டரை நிறைய முறை நினைத்தேன்.

அந்த இருபது நிமிஷம் எனக்குக் கிடைத்ததே ஒரு குளறுபடியால்தான். நம் கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைப்பது வழக்கம், அப்போதுதான் எல்லோரும் நேரத்துக்குக் கிளம்புவோம் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரி மாற்றும்போது நான் பத்து நிமிஷம் கூட்டி வைத்தேன். அது தெரியாமல் உன் அப்பாவும் தன் பங்குக்குப் பத்து நிமிஷம் கூட்டிவிட்டார். மறுநாள் காலை நான் அரக்கப்பரக்க ஓடி, தாம்பரம் ஸ்டேஷன் படியில் மூச்சு வாங்க ஏறி இறங்கினால், எட்டரை வண்டி அப்போதுதான் காலியாகப் பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறது. செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டி என்றால் கால் வைக்க இடம் இருக்காது. இது தாம்பரத்திலேயே புறப்படுகிற வண்டி. லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறினேன். ஒரு கோடியில் பூக்காரம்மா ஒருத்தி கூடையை வைத்துக்கொண்டு கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள், அவளைத் தவிர யாரும் இல்லை. ஃபேன் சுற்றவில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் எதிர் சீட்டில் விழுந்திருந்தது. நான் ஆசைப்பட்டுக் கண்ணை மூடவில்லை, அதுவாக மூடிக்கொண்டது. மனசுக்குள் "முருகா" என்று வந்தது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. உனக்கு மார்க் வேண்டும், உன் அப்பாவுக்குச் சர்க்கரை குறைய வேண்டும் என்று வழக்கமாக நான் ஒப்பிக்கிற பட்டியல் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஒன்றும் கேட்காமல் அவன் பேரைச் சொன்னது என் வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை. வண்டி நகர்ந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, ஏன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் கடிகாரத்தைச் சரி செய்தோம், சிரித்தோம். அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் மறுநாளும் எனக்கு அந்தக் காலி வண்டி வேண்டியிருந்தது. "எனக்கு இருபது நிமிஷம் தனியாக உட்கார வேண்டும்" என்று வீட்டில் எப்படிச் சொல்வது? சொன்னால் உன் அப்பா, "உடம்பு சரியில்லையா?" என்பார். உட்கார நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை முளைக்கும், அதை முளைக்க வைப்பதும் நானாகத்தான் இருக்கும். அதனால், "ஆபீஸ்ல நேரம் மாத்திட்டாங்க, இனிமே எட்டு பத்து வண்டிதான்" என்று சொல்லிவிட்டேன். எழும்பூர் ஆபீசில் எந்த நேரமும் மாறவில்லை, நான் போனதும் அதே எட்டரை வண்டிதான். யாரும் சந்தேகப்படவில்லை. மின்சார ரயிலைக் காரணம் சொன்னால் தாம்பரத்தில் யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த இருபது நிமிஷத்தில் நான் ஏதோ தவம் செய்தேன் என்று நினைத்துவிடாதே. சில நாள் தூங்கினேன். சில நாள் சாமியிடம் புறணி பேசினேன், என் செக்ஷன் அதிகாரியைப் பற்றியும் உன் பல்லாவரம் அத்தையைப் பற்றியும் அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. சில நாள் சும்மா உட்கார்ந்திருப்பேன், அதுதான் மிக நல்ல நாள். பூக்காரம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இன்னாம்மா, தெனம் இவ்ளோ சீக்கிரம் வந்து குந்திகினு கீற? வூட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டாள். "அதெல்லாம் இல்லம்மா, சும்மாதான்" என்றேன். "குந்து குந்து, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று பூவைக் கட்ட ஆரம்பித்தாள், அதன்பிறகு கேட்கவும் இல்லை. அந்த வருஷங்களில் நான் உன்னை அடித்தது குறைவு, கத்தியதும் குறைவு. உன் அப்பாவே, "உனக்கு இந்த எட்டு பத்து வண்டி ஒத்துக்குது" என்று சொல்லியிருக்கிறார். அந்த அமைதி பொய்யில்லை, வாசு. இன்றைக்கும் நான் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அங்கே போக நான் சொன்னதுதான் பொய்.

அதற்கு ஒரு விலை இருந்தது, அதை நீதான் கொடுத்தாய். அப்பா ஏழேகாலுக்கே போய்விடுவார். நான் எட்டேகாலுக்குக் கிளம்பினாலே எட்டரை வண்டியைப் பிடித்துவிடலாம், உன் ஸ்கூல் வேன் எட்டேகாலுக்கு வந்துவிடும். அதாவது உன்னை வேனில் ஏற்றிவிட்டே நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் எட்டு பத்து வண்டி என்று சொன்னதற்காக ஏழு ஐம்பத்தைந்துக்கே கிளம்பினேன். அந்த இருபது நிமிஷம் நீ தனியாகத்தான் இருந்தாய். தட்டில் வைத்த இட்லியைத் தனியாகச் சாப்பிட்டாய், ஷூ லேஸைத் தனியாகக் கட்டிக்கொண்டாய், வீட்டைப் பூட்டி பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாய். "எம் புள்ள ரொம்பப் பொறுப்பு" என்று நான் ஆபீசில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ ஏழாம் வகுப்பு. காலையில் எழுந்ததிலிருந்து வயிறு வலி என்று சொன்னாய். கணக்குப் பரீட்சை இருந்தது, அதனால் நான் நம்பவில்லை. சீரகத் தண்ணீர் கொடுத்தேன். அப்பா கிளம்பிப் போய்விட்டார். நான் செருப்பைப் போடும்போது நீ வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அம்மா, இன்னிக்கு மட்டும் கொஞ்ச நேரம் இரும்மா. பத்து நிமிஷம்" என்றாய். "டிரெயின் போயிடும்டா" என்றேன். நீ கையை எடுத்துவிட்டாய். அவ்வளவுதான் நடந்தது. அழக்கூட இல்லை.

உனக்கு இதுவரை தெரிந்த கதை, அம்மா எட்டு பத்து வண்டியில் போய்விட்டாள், பாவம், அவளுக்கு விஷயம் போய்ச் சேரவே பத்து மணி ஆகிவிட்டது என்பது. நடந்தது வேறு. எட்டு பத்துக்கு நான் காலி வண்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு உனக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். "பையன் வயிறு வலிங்கறான், பார்த்துக்கோ முருகா" என்று சொன்னேன். எழுந்து வீட்டுக்குப் போக எனக்குக் கால் இருந்தது. செய்ய வேண்டியதைச் சாமி தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். எட்டேகாலுக்கு வேன்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்தும் நீ வரவில்லை என்று மேரி அக்கா வந்து பார்த்தாராம். நீ சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தாய், வாந்தி எடுத்திருந்தாய். அவர் நைட்டிமேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உன்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியபோது, என் வண்டி இன்னும் பிளாட்பாரத்தை விட்டு நகரவில்லை. பல நாள் நான் இந்த நேரத்தை மனசில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே கணக்குத்தான் வருகிறது.

குடல்வால் வீங்கியிருந்தது. மத்தியானமே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். "சரியான நேரத்துல கொண்டு வந்தீங்க, இன்னும் தள்ளிப்போயிருந்தா வெடிச்சிருக்கும்" என்று டாக்டர் மேரி அக்காவைப் பார்த்துச் சொன்னார், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் பல்லாவரத்து அத்தை வந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "புள்ள துடிச்சிக்கிட்டு இருக்கான், அப்படி என்ன பெரிய உத்தியோகம்?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், அரை மயக்கத்தில் கிடந்த நீ சொன்னாய், "டிரெயின் போயிடும்ல அத்தை. அம்மா என்ன பண்ணுவாங்க?" உன் அப்பாவும், "அவ என்னக்கா பண்ணுவா?" என்றார். என் பொய்யையே எடுத்து நீ எனக்குக் குடை பிடித்தாய். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஃபிளாஸ்கைத் திறந்து அத்தைக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

அன்று ஏன் நான் பத்து நிமிஷம் இருக்கவில்லை என்று பின்னால் யோசித்து யோசித்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன், நான் இவ்வளவு எழுதுவது அதற்காகத்தான். எனக்கு உன்மேல் அக்கறை இல்லாமல் இல்லை. பத்து நிமிஷம் உன்னோடு இருந்திருந்தால் எட்டு பத்து வண்டி போயிருக்கும், அப்புறமும் நான் நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்திருப்பேன். அப்படியென்றால் தினமும் எட்டு பத்துக்கு ஏன் ஓடுகிறாய் என்ற கேள்வி வந்துவிடும். அந்தப் பயம்தான். என்னிடம் இருபது நிமிஷம் இருப்பது யாருக்கும் தெரியாது, அதனால் அதிலிருந்து உனக்குப் பத்து நிமிஷம் எடுத்துக் கொடுக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. சொல்லி எடுத்துக்கொண்ட நேரமாக இருந்தால், "சரிடா கண்ணா, இன்னிக்கு அம்மா உன்னோடவே இருக்கேன்" என்று செருப்பைக் கழற்றியிருப்பேன்.

அதற்கப்புறம் நான் செய்ததும் புத்திசாலித்தனம் இல்லை. ஆபீஸ் நேரம் பழையபடி ஆகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு, எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொண்டு, உன்னை வேனில் ஏற்றிவிட்டு ஓடிப்போய், புறப்படுகிற வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். காலி வண்டி பக்கம் போகவேயில்லை. அதனால் உனக்கு என்ன லாபம்? எட்டாம் வகுப்பில் உன் ரிப்போர்ட் கார்டை வாசல் வரைக்கும் விசிறியடித்தேனே, சாம்பார் கரண்டியோடு உன்னைத் துரத்தினேனே, எல்லாம் அந்த வருஷம்தான். பக்கத்தில் இருக்கிற அம்மாவாக மாறினேன், பக்கத்தில் யாரும் இருக்க முடியாத அம்மாவாகவும் மாறினேன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன், நாள் பூராவும் நேரம்தான். உட்கார்ந்தால் டி.வி.யைத் தேடுகிறது கை. ஒன்றும் கேட்காமல் அவன் பேரைச் சொல்ல வாரத்தில் ஒரு நாள் வாய்த்தால் அதிகம்.

இதுவரை எழுதியதை முந்தாநாள் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிகார விஷயம் வந்தபோது சிரித்தார். எட்டு பத்து வண்டியில் நான் ஏறியதே கிடையாது என்றதும், "அடிப்பாவி" என்றார், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது. "அன்னிக்குமா?" என்று கேட்டார். "அன்னிக்கும்தான்" என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். காபி கொடுத்தால் வாங்கிக்கொண்டார், மாத்திரை எங்கே என்று கேட்டார், வேறு பேச்சு இல்லை. நேற்று சாயங்காலம் அவராகவே வந்து, "அதை அவனுக்கு அனுப்பு" என்றார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன் அப்பா நாற்பது வருஷம் கூட இருந்தவர், ஒரு நாளில் திரும்பி வந்தார். நீ எத்தனை நாள் எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாது.

சுகன்யாவிடம் நான் பேச மாட்டேன். புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. நீதான் பேச வேண்டும், அதுவும் எப்படிப் பேசுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்த மாதிரி பேசாதே. பேசினால் அவள் மன்னிப்புக் கேட்பாள், மறுநாளிலிருந்து நேராக மேலே வருவாள், வந்து என்னைப் போலவே கரண்டியைத் தூக்குவாள். பார்க்காத மாதிரி நடிக்கவும் செய்யாதே, இந்தக் குடும்பத்துக்கு அந்தப் பொய்யெல்லாம் போதும். "அன்னிக்குக் கீழ பார்த்தேன், தப்பா நினைச்சுட்டேன். இனிமே சொல்லிட்டே உக்காரு, அதுவரைக்கும் இனியாவை நான் பார்த்துக்கறேன்" என்று சொல். இனியாவுக்கும் சொல், அம்மா கீழே இருக்கிறாள், இருபது நிமிஷத்தில் வருவாள் என்று. அப்போதுதான் என்றைக்காவது குழந்தைக்கு முடியவில்லை என்றால் நீ போன் செய்து, "இன்னிக்கு நேரா மேல வந்துடு" என்று கூப்பிட முடியும். அவளும் எதையும் மறைக்க வேண்டாமல் ஓடி வருவாள்.

உனக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும், அதை நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நான் நாலு மணி ரயிலில் பொத்தேரி வந்துவிடுகிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பிவிடுவேன். அவள் கீழே உட்காரட்டும். நீ மாடியிலோ தெருவிலோ எங்கேயாவது போய், போனை வீட்டில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இரு. சாமி உன் பக்கம் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குற்றமில்லை. நான் வந்து இனியாவுக்கு ஸ்லோகம் சொல்லிக் கொடுத்து வீட்டில் பக்தியை வளர்ப்பேன் என்று மட்டும் கனவு காணாதே. அவளோடு பல்லாங்குழி ஆடுவேன், தோற்றால் அழுவேன். சுகன்யாவுக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாமா என்று நீ யோசிப்பாய். கொடு. மாமியார் பெரிய பக்திமான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பாரம் அவளுக்கு எதற்கு?

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாம் கடைசியில் எனக்கே நல்ல பேர் வாங்கித் தருகிற மாதிரி முடிந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். பன்னிரண்டு வயதில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னை விட்டுவிட்டுப் போனேன், போக வேண்டிய அவசியமே இல்லாதபோது போனேன். அதற்காக இருபத்தைந்து வருஷமாக எனக்கு உள்ளே வலிக்கிறது. கோபம் வந்தால் கோபப்படு, அது உன் உரிமை. போனை எடுக்காதே, செவ்வாய்க்கிழமை வராதே என்று சொல், நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு துளியைக்கூட அவள் கணக்கில் சேர்த்துவிடாதே, அவள் இதுவரை யாரையும் கதவருகே விட்டுவிட்டுப் போகவில்லை. அப்படி ஒரு நாள் அவளுக்கு வருவதற்கு முன்னால் நீ முந்திக்கொள்ள வேண்டும். என்னிடம் பேச உனக்கு ஒரு மாதம் ஆனாலும் சரி. அவளிடம் இன்றைக்கே பேசு.

அம்மா